ஹெரால்டு, பெட்ரோல் வாசம், கொஞ்சம் துரு

செம்பூரில் பெட்ரோல் வாசம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தெற்கே மாஹுல் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு, ரோட்டில் டேங்கர் லாரி வரிசை என்று ஊருக்கே அது பழகிப்போன விஷயம். அதனால் எங்கள் கட்டடத்தின் கீழே, ஸ்டில்ட் பார்க்கிங்கில், இரண்டு வாரமாக வந்துகொண்டிருந்த வாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொசைட்டி செயலாளர் மட்டும் (குஜராத்தி அம்மா, எல்லோருக்கும் அவர் 'பென்') மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து எங்கள் வண்டிக்கு முன்னால் நின்றார். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

மறுநாளே கடிதம் வந்துவிட்டது. பதினைந்து நாளில் கசிவை நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். படித்துப் பார்த்தேன், ஒரு வரி கூடத் தப்பில்லை. மேலே ஏழு மாடி, இருபத்தெட்டு குடும்பம். நான் செயலாளராக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

வண்டி எது என்று சொல்லவில்லையே. 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு வைத்தது. அப்பா மெட்ராஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அம்மா போன பிறகு அப்பாவை மும்பைக்கு அழைத்து வந்தபோது, "என்னை மட்டும் கூட்டிட்டுப் போறே, அதை யாருப்பா பாத்துக்குவா?" என்று கேட்டார். அதுவும் லாரி ஏறி வந்து சேர்ந்தது.

ஸ்கூல் நாட்களில் "எங்க வீட்டுல ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு" என்று பீற்றிக்கொள்வேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது :-) டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. வரைந்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. 1962-ல் அதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கலாட்டியை வைத்து அவர்கள் செய்த கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டிலும் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். டயர் மேலே உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி மெட்ராஸுக்கு வெளியே, பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. 948 சி.சி. இன்ஜின். 1968-ல் நாலு கதவு மார்க் 3, 1972-ல் கெஸல். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கி, அது எடுபடாமல், 80-களின் கடைசியில் கார் தயாரிப்பே நின்றுபோனது. தாம்பரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கம்பெனியின் பெயர் இன்றும் ஞாபகம் இருக்கும்.

ஆக வண்டியைச் செய்த கம்பெனியே இல்லை. ஆனால் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரை இன்னும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்றும் வாஷர் முதல் பம்ப் கிட் வரை புதிதாகச் செய்கிறார்கள். அண்ணன் பங்கில் தம்பிக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நியாயமான பயம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போகாது; தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை ஆவி கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். எங்கள் பார்க்கிங்கின் ஒரு மூலையில் தண்ணீர் மோட்டார், அதற்கு ஒரு சுவிட்ச் போர்டு. கடிதம் வந்த அன்றே பேட்டரி ஒயரைக் கழற்றினோம், வண்டியைக் கையால் தள்ளி வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்தினோம், பக்கத்தில் மணல் வாளி வைத்தோம். கசிவு நிற்கும் வரை சாவியைத் தொடுவதில்லை என்று முடிவு.

கண்டுபிடிப்பதில்தான் முதல் ஐந்து நாள் கரைந்தது. முதலில் வந்த மெக்கானிக் ஹோஸ் கிளிப்புகளையெல்லாம் முறுக்கிவிட்டுப் போனார். இரண்டாமவர் துணி துவைக்கும் பார் சோப்பைக் குழைத்து டேங்க்குக்கு அடியில் தேய்த்தார். சிரிக்காதீர்கள், அது நிஜமான வைத்தியம்தான். சோப்பு பெட்ரோலில் சட்டென்று கரையாது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரலாம். ஆனால் வீடு வந்த பிறகும் சோப்போடு குடித்தனம் நடத்த முடியாது. இரண்டாம் நாள் மறுபடி ஈரம்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு டாக்ஸி மெக்கானிக், வயது எழுபதைத் தொடும், எல்லோருக்கும் 'சாச்சா'. மும்பையில் கார்புரேட்டர் தெரிந்த கைகள் எல்லாம் பிரீமியர் பத்மினியில் வளர்ந்த கைகள். குர்லாவில் செய்த அந்தக் கார்தான் இந்த ஊரின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி. கடைசியாக டாக்ஸியாகப் பதிவான பத்மினி 2003 அக்டோபரில் ரோட்டுக்கு வந்தது. டாக்ஸிக்கு இங்கே இருபது வருடம்தான் ஆயுள் என்பதால் 2023 அக்டோபரோடு அந்தக் கதை முடிந்தது. சாச்சாவும் அத்துடன் ஓய்வு. ஹெரால்டு என்றதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்தார்.

அவர் செய்தது ரொம்ப எளிமையானது. ஸ்பேனரைத் தொடவே இல்லை. டேங்க், பைப், பம்ப், கார்புரேட்டர் என்று பெட்ரோல் போகும் வழி முழுவதையும் துணியால் துடைத்து உலர வைத்தார். சாக்பீஸைப் பொடித்து எல்லா இணைப்பிலும் தூவினார். அடியில் முன்னிருந்து பின்வரை செய்தித்தாள் விரித்தார். "நாளைக்கு வர்றேன், யாரும் தொடாதீங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளைப் பொடியில் மூன்று இடத்தில் ஈரக் கறை.

ஒன்று, பைப்பும் பம்பும் சேரும் இடத்தில் இருந்த ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மடக்கிப் பார்த்தபோது விரல் நுனியில் கறுப்பாக ஒட்டியது. இரண்டு, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம். அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டுமல்ல, உள்ளே இன்ஜின் ஆயிலிலும் இறங்கும். சாச்சா டிப்ஸ்டிக்கை எடுத்து என் மூக்கில் காட்டினார். ஆயிலில் பெட்ரோல் வாசம்! அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் எல்லாம் போயிருக்கும். மூன்று, டேங்க்கின் அடி மடிப்பு.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள் இடது ஓரத்தில் இருக்கிறது. அதன் அடியில் கசிந்தது டிக்கித் தரையில் ஓடி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் இறங்கி, அங்கே இருக்கும் ஓட்டை வழியாகத் தரையில் சொட்டியிருக்கிறது. நாங்கள் ஐந்து நாளாக அந்த ஓட்டைக்கு மேலேயே டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மொட்டை மாடி ஒழுகும் வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் இது தெரிந்த சமாச்சாரம்தான், காரில் மறந்துவிடுகிறது.

அறுபது வருடம் தாங்கிய வண்டிக்கு இப்போது மட்டும் ஏன் இப்படி? வயசு ஒரு காரணம். இன்னொன்று பெட்ரோல். 2025-ல் நாடு முழுக்க இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்துவிட்டது. புது வண்டிகளை அதற்கேற்ற மாதிரி செய்கிறார்கள். 1965-ல் ஹோஸ் செய்தவருக்கு எத்தனால் பற்றி என்ன தெரியும்? அந்தக் காலத்து ரப்பரும் கார்க் வாஷரும் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு காய்ந்து வெடிக்கும். இன்னொரு குணம், எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் போய் உட்காரும். அங்கே உள்ளிருந்து துரு பிடிக்கும். தினமும் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. அப்பாவின் வண்டி மாதிரி மாதத்துக்கு ஒரு தரம் கோயிலுக்குப் போகிற வண்டிக்குத்தான் அதிகம்.

ஹோஸுக்கு வழி இருக்கிறது. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். உள்பக்கம் எத்தனாலைத் தாங்கும் வகை ரப்பர். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன், கிடைத்தது. பம்புக்கு டயாஃப்ரம் கிட் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. எத்தனாலுக்கு ஏற்ற ரகம்தானா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கினேன்.

டேங்க்கை எங்கே கொண்டுபோவது? சாச்சா சொன்ன இடம் தாராவி. எண்ணெய் டின்னும் பெயின்ட் டின்னும் ஆயிரக்கணக்கில் வந்து, நெளிவெடுத்து, கழுவி, மறுபடி புழக்கத்துக்குப் போகிற இடம். தகரத்தின் மனசு தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள் என்றார். அப்பாவும் கூட வந்தார். 90 அடி ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் பேச்செல்லாம் திருநெல்வேலி. அப்பா முகத்தில் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சம். தகர வேலை செய்கிற அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும், அப்பா காலத்தில் தாராவி வந்து சேர்ந்த குடும்பம். நான் ஆட்டோவிலிருந்து டேங்க்கை இறக்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன தம்பி, காலியாத்தான இருக்குன்னு தைரியமா கொண்டுவந்துட்டியளோ? நெறஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்குதான் ஆளை முழுங்கும்."

நூற்றுக்கு நூறு சரி. நிறைந்த டேங்க்கில் ஆவிக்கு இடம் இல்லை. காலி டேங்க்கில் அடியில் ஒரு ஸ்பூன் பெட்ரோல் இருந்தாலும் மேலே ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் சேர்ந்துவிடும். அதன்மேல் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் அது வெடிகுண்டு. நம் ஊரிலும் இப்படி நடந்த விபத்துச் செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

அண்ணாச்சி முதலில் டேங்க்கைக் கழுவச் சொன்னார். வெந்நீர், சோப்புத்தூள், நாலைந்து தடவை. பிறகு பொடி ஜல்லியும் தண்ணீரும் போட்டுக் குலுக்கினோம். காபி டிகாக்ஷன் மாதிரி துருத் தண்ணீர் வந்தது. மிச்ச துருவுக்கு சிட்ரிக் ஆசிட் கரைசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். அதற்காக செம்பூரில் மளிகைக் கடையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "அரை கிலோ லிம்பு நா ஃபூலா? எத்தனை பேருக்கு டோக்ளா?" பென்தான். குஜராத்தியில் சிட்ரிக் ஆசிட்டுக்கு எலுமிச்சைப் பூ என்று பெயராம்! விஷயத்தைச் சொன்னேன். "அப்படியானால் கடைசியில் சோடா போட்டு அலசு, புளிப்பு உள்ளேயே நின்றால் மறுபடி அரிக்கும்" என்றார். இரும்பு வாணலி வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத ரசாயனமா.

சோடாவில் அலசிய பிறகு அண்ணாச்சி டேங்க்கைக் கவிழ்த்து, மடிப்பு மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளே தண்ணீர் நிரப்பினார். ஆவி நிற்க இடமே இல்லை. நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. தூரத்தில் கரி அடுப்பில் சால்டரிங் இரும்பைப் பழுக்க வைத்து எடுத்து வந்து, ஆசிட் தடவி, மடிப்பு நீளத்துக்கும் ஈயம் ஓட்டினார். அப்பா கேட்டார், "வெல்டிங் வெச்சா இன்னும் கெட்டியா இருக்காதா?"

"ஐயா, தகடு மெலிஞ்சு போச்சு. வெல்டிங் வெச்சா பக்கத்துல பொத்துக்கும். ஈயம்னா அது போக்குல ஒட்டிக்கும்."

டேங்க் சரியாகிவிட்டது. ஆனால் பெரிய அதிர்ச்சி அதற்கு முன்னாலேயே, டேங்க்கைக் கழற்றிய அன்றே காத்திருந்தது. டேங்க் உட்கார்ந்திருந்த இடத்தில் டிக்கித் தரை இல்லை. இருந்த மாதிரி ஒரு பழுப்புப் பொருக்கு இருந்தது, விரலால் அமுக்கினால் ரோடு தெரிந்தது. டேங்க்குக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு ஃபெல்ட் பட்டை வைத்திருந்தார்கள். டிக்கி மூடியின் ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கி, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்து, அந்தப் பட்டையில் ஊறி நின்றிருக்கிறது. மேலே டேங்க்கைத் தின்றது, கீழே தரையைத் தின்றது. பெட்ரோல் கசிவும் துருவும் இரண்டு வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், வெளியேற வழியில்லாமல் நின்ற தண்ணீர்.

அன்று ஒன்பதாம் நாள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஷூட்டிங்குக்கு வண்டி வாடகைக்கு விடுறவர் கேட்டார்னியே, அவர்கிட்டயே கொடுத்துடுப்பா. ஒரு வண்டிக்காக இத்தனை பேரைப் பயத்துல வெக்கக் கூடாது."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும், நான் பிறந்து வீடு வந்ததும், தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்ததும் அந்த வண்டியில்தான். அதெல்லாம் அவருக்கு என்னை விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். மனைவி மட்டும் கணக்காகக் கேட்டாள், "டேங்க்கே வண்டியில இல்லையே மாமா, இப்ப என்ன பயம்?" உண்மைதான். பைப்பை வடித்து, டேங்க்கைக் கழற்றிய பிறகு அது வெறும் இரும்பு. காலையில் பென்னிடம் போய் அதையே சொன்னேன். வந்து குனிந்து பார்த்தார். "வண்டி நிற்கட்டும். ஆனால் வெல்டிங் இந்த கேட்டுக்கு உள்ளே நடக்கக் கூடாது. பெட்ரோல் ஊற்றுவதும் நான் பார்த்த பிறகுதான்." இதைவிட நியாயமான ஒப்பந்தம் எந்த ஆபீஸிலும் கிடைக்காது.

அடுத்தது துரு வேலை. நம் ஊரில் டிங்கரிங் என்போம், இங்கே டெண்டிங்-பெயிண்டிங். முதலில் கேட்ட கடையில், தேய்த்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்து இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார்கள். பட்டி என்பது பள்ளத்தை நிரவத்தான், ஓட்டையை அடைக்க இல்லை. துருப்பிடித்த இரும்பு முன்பிருந்ததை விடப் பல மடங்கு இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்புளம் மாதிரி தூக்குகிறது. அந்தக் கொப்புளத்தின் மேல் பட்டி வைத்தால், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பட்டியோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அதிலும் மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மிச்ச மாதங்களில் கடல் உப்பு. உப்பு கலந்த ஈரம் துருவை இன்னும் வேகப்படுத்தும்.

சாச்சாவுக்குத் தெரிந்த ஒரு வெல்டரிடம் டோ வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்றது தொப் என்று கேட்கும். தொப் என்ற இடமெல்லாம் சாக்பீஸ் கோடு. டிக்கித் தரை, கதவின் அடி மடிப்பு, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரண்டு கைகள். பார்க்கப் பார்க்க வயிறு கலங்கியது. ஆனால் ஹெரால்டுக்கு ஒரு நல்ல குணம். அந்தக் காலத்தில் முழு பாடியையும் ஒன்றாகச் செய்து தர ஆள் கிடைக்காமல், தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் முடுக்கினார்கள். அன்றைக்கு அது அவர்களுக்கு ஒரு தலைவலி. இன்றைக்கு எங்களுக்கு வரம். கெட்டதை மட்டும் கழற்றிச் சரி செய்யலாம்.

கோடு போட்ட இடத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தார். புதுத் தகடு வெட்டி, வளைத்து, ஒரே மூச்சில் ஓட்டாமல் விட்டு விட்டு வெல்டிங் வைத்தார் (தொடர்ந்து வைத்தால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும்). மேலே துத்தநாகம் கலந்த பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், பிறகு பெயின்ட், கையெட்டாத பொந்துகளுக்குள் மெழுகு ஸ்பிரே. டிக்கிக்குப் புது பீடிங். ஃபெல்ட் பட்டைக்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்காத ரப்பர் துண்டுகள். கதவுகளின் அடியில் கம்பெனியே வைத்திருந்த வடிகால் ஓட்டைகள் பழைய பெயின்டில் அடைந்திருந்தன, குத்தித் திறந்தோம். மொத்த வேலையிலும் மலிவானது அதுதான், ஒரு ஸ்போக்ஸ் கம்பி செலவு. முக்கியமானதும் அதுதான் என்று வெல்டர் சொன்னார்.

பென் முன்னிலையில் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றி, மறுபடி சாக்பீஸ், மறுபடி செய்தித்தாள். மூன்று நாள் கழித்து பேப்பரை எடுத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "டீக் ஹை" என்று சொல்லி, அதை மடித்துப் பழைய பேப்பர்காரருக்கென்று எடுத்துக்கொண்டு போனார் :-)

அடுத்த ஞாயிறு அப்பாவை மாட்டுங்கா அழைத்துப் போனேன். சயான் வழியாக ஏழெட்டு கிலோமீட்டர். அப்பா இடது பக்கம் உட்கார்ந்து, பேசாமல், இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்திக சமாஜத்தில் கும்பிட்டுவிட்டு, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காபி குடித்தோம். "செகண்ட் கியர்ல கொஞ்சம் முனகுது, பாக்கணும்" என்றார். ஷூட்டிங்காரர் பேச்சு அதன்பிறகு வரவில்லை.

உங்களில் பலருக்கு ஊரில் ஷெட்டில் அப்பாவின் ஃபியட்டோ, அம்பாசடரோ, தாத்தாவின் ஹெரால்டோ நிற்கலாம். லீவில் போகும்போது பார்க்க வேண்டியவை சில:

சாவியைப் போடும் முன் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மற்றதெல்லாம். ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள், கறுப்பு ஒட்டினாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். டிப்ஸ்டிக்கை முகருங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிற வண்டியில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீர்கள், உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். மேலே கூரை, பக்கத்தில் காற்று, அது போதும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். காலி டேங்க்கைத் தெரியாத வெல்டரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

காகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. வேறு மாநிலத்து வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். எங்கள் வண்டிக்கு மகாராஷ்டிரா நம்பர் வந்துவிட்டது. பழைய மெட்ராஸ் நம்பர் பலகை அப்பா அறைச் சுவரில் தொங்குகிறது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத சொந்த வண்டியை 'வின்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அதற்குப் பின் 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று அதற்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். கோயிலும் காபியும் அதில் வராது. அதனால் நாங்கள் சாதாரணப் பதிவிலேயே, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு ஓட்டுகிறோம்.

உங்கள் வீட்டில் ஹெரால்டு இருந்ததா? பெருங்களத்தூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது குடும்பத்தில் உண்டா? இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த செகண்ட் கியர் முனகலுக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் முதலில் எழுதவும்!